அடுத்து வந்து உட்காருகிறவருக்கு

விசாரணைக்கு வந்திருந்தவர்கள் ஆறு பேர். நீள மேஜையின் தலைமாட்டில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீன் மார்கிரிட் பால்டிங் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம், ஆசிரியர்கள் சார்பில், வெல்டிங் சொல்லிக்கொடுக்கும் ஹோபர்ட் லட்ஸ். இடப்பக்கம், மாணவர்கள் சார்பில், பிரியெல் என்ற பெண். அவள் பல் மருத்துவருக்கு உதவியாளராகப் படிப்பவள். மத்தியானம் பரீட்சை இருந்ததால் மடியில் ஒரு பல்வரிசைப் படத்தை விரித்து வைத்திருந்தாள். கதவோரமாக, புகார் எழுதிக் கொடுத்த டெஸ்மண்ட் ரிக்கெட்ஸ். கம்ப்யூட்டர் ப்ரோக்ராமிங் வகுப்பு எடுக்கிற இளைஞர். மேஜையின் எதிர்ப்பக்கம் நெல்வா பிராண்ட்ஸ்மா. அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி ஆரின் டைக், தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டு.

அந்த இரண்டு நாற்காலி இடைவெளி டீன் சொல்லி வந்தது. "நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்கார வேண்டாம். தப்பா எடுத்துக்காதீங்க."

இருவரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினோரு வருஷம் ஒரே இயந்திரத்தில் வேலை பார்த்தவர்கள்தான். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததே கிடையாது. ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்கார முடியும். அப்படிப்பட்ட வேலை அது.

ஊரின் ஃபிரிட்ஜ் தொழிற்சாலையில் நெல்வாவுக்கு சாயங்கால ஷிப்டு, ஆரினுக்கு ராத்திரி ஷிப்டு. இருவருக்கும் ஆறாம் எண் மடிப்பு இயந்திரம். தகடு உள்ளே போகும், ஃபிரிட்ஜின் வெளிச்சட்டையாக மடிந்து வெளியே வரும். ஷிப்டு மாறும்போது இயந்திரத்தை நிறுத்த மாட்டார்கள். நிறுத்தினால் மறுபடி சூடேறி நிலைக்கு வர வெகுநேரம் ஆகும்; மேற்பார்வையாளர் குதிப்பார். அதனால் போகிறவர் ஓடவிட்டுவிட்டு எழுவார், வருகிறவர் ஓடுகிறதன்மேல் உட்காருவார். "எப்படி?" என்பார் ஆரின். "ஓடுது," என்பாள் நெல்வா. கோளாறு ஏதாவது இருந்தால் காகித டேப்பில் எழுதி இயந்திரத்தின் நெற்றியில் ஒட்டிவிட்டுப் போவாள். இடது பிடி தளர்வு, கவனம். எண்ணெய் ஊற்றியாயிற்று. பதினோரு வருஷத்தில் அவர்கள் பேசிய பேச்சையெல்லாம் சேர்த்துவைத்தால் ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக்கூடக் காணாது.

பிறகு தொழிற்சாலையை மெக்ஸிகோவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வேலை போனவர்களுக்கு மறுபயிற்சித் திட்டம் என்று ஒன்று வந்தது. சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருஷம் எதையாவது படிக்கலாம், படிப்புக் கட்டணத்தைத் திட்டம் கட்டும், வாரப்படியும் உண்டு. வெல்டிங்குக்குப் பாதிப்பேர் போனார்கள். நெல்வா ப்ரோக்ராமிங் என்று டிக் அடித்தாள். ஏன் என்று கேட்டவர்களிடம், உட்கார்ந்து செய்கிற வேலை என்றாள். ஆரினும் அதையே டிக் அடித்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

திட்டத்துக்கு ஒரு விதி இருந்தது. காப்பியடித்ததாகக் கல்லூரி தீர்மானித்தால் பெயரை எடுத்துவிடுவார்கள். இரண்டாம் தடவை கிடையாது. எடுத்துவிட்டால் நெல்வாவுக்கு மிச்சமிருந்தது அடுத்த மாவட்டத்தில் இருக்கும் வான்கோழி இறைச்சி ஆலை. அங்கே போன தோழிகளின் கைவிரல்களை அவள் பார்த்திருந்தாள். குளிரில் நின்று நின்று, காப்பிக் கோப்பையைக்கூட இரண்டு கையாலும்தான் தூக்குகிறார்கள். அன்றைக்கு அந்த அறையில் தீர்மானமாக வேண்டியிருந்தது அதுதான்.

டெஸ்மண்ட் இரண்டு காகிதக் கட்டுகளை ஆளுக்கொன்றாக மேஜையில் தள்ளிவிட்டார். வகுப்புக்குக் கொடுத்த வேலை எளிதானது. பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்துகிற பௌலிங் ஆட்டக் குழு ஒன்றின் வாராந்தரப் புள்ளிகளை வாங்கி, ஆளுக்கு ஆள் சராசரி போட்டு, வரிசைப்படுத்தித் தரவேண்டும். நெல்வா மத்தியான வகுப்பு, ஆரின் சாயங்கால வகுப்பு. இருவர் கொடுத்ததையும் கல்லூரியின் ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒத்துப்போன இடமெல்லாம் சிவப்புப் பூசியிருந்தது. முதல் பாதி முழுக்கச் சிவப்பு.

"எனக்கு இதைக் கொடுக்கவே மனசில்ல," என்றார் டெஸ்மண்ட். மூன்று கல்லூரிகளில் வகுப்பெடுத்து, காரிலேயே சாப்பிட்டு, காரிலேயே பேப்பர் திருத்துகிறவர். தூக்கம் போதாத முகம். "ஆனா சிவப்பு வந்தா மேல அனுப்பியே ஆகணும். குறிப்பா இந்த வரி."

அவர் காட்டிய வரி ப்ரோக்ராமின் பகுதி அல்ல, அதன் நடுவே மனிதர் படிப்பதற்காக எழுதுகிற குறிப்பு. இருவருடையதிலும் அச்சு அசலாக இருந்தது:

இதுவரை ஓடுகிறது. அடுத்துப் பார்க்க வேண்டியது, ஆள் வராத வாரம். கடைசி அடைப்புக்குறியைத் தொட வேண்டாம்.

நெல்வா அதைப் படித்தாள். தன் வரிதான். ஆரினின் காகிதத்தில் அது இருப்பதை அப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறாள்.

"முதல்ல மிஸ்டர் டைக்," என்றார் டீன். "இது நீங்க எழுதின ப்ரோக்ராமா?"

"பாதி."

"பாதின்னா?"

"கீழ்ப்பாதி என்னது. மேல்பாதி நெல்வாவோடது. நான் லேபுக்குப் போனப்போ ஆறாம் நம்பர் ஓடிட்டிருந்துச்சு."

"கம்ப்யூட்டர் ஆன்ல இருந்துச்சுங்கறீங்க."

"ஓடிட்டிருந்துச்சு," என்றார் ஆரின் மறுபடியும், திருத்திக்கொள்ளாமல்.

"அவங்க பேர்ல திறந்திருந்த ஃபைலை நீங்க எடுத்தீங்க."

"எடுக்கல மேடம். உக்காந்தேன். அவ எதுவரைக்கும் செஞ்சிருக்கான்னு எழுதியிருந்துச்சு. அடுத்து என்ன செய்யணும்னும் எழுதியிருந்துச்சு. செஞ்சேன்."

"அப்புறம் மேல உங்க பேரைப் போட்டீங்க."

"பேர் போடலேன்னா மார்க்கைக் குறைப்பேன்னு டெஸ்மண்ட்தான் சொன்னான்."

பிரியெலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக்கி, பல்வரிசைப் படத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

டீன் கோபப்படவில்லை. "தப்புன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

ஆரின் தொப்பியை ஒரு சுற்று சுற்றினார். "தொழிற்சாலையில பெட்டிக்குப் பின்னாடி ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவோம். அதுல கடைசியா முடிச்சவன் நம்பர் மட்டும்தான் இருக்கும். அதுக்கு முன்னாடி எத்தனை கை அதைத் தொட்டிருக்கும்! அந்த நம்பரெல்லாம் யாரும் எழுதறதில்ல. அப்படித்தான் நினைச்சேன். இப்ப நீங்க இத்தனை பேர் உக்காந்திருக்கறதப் பாத்தா, அப்படி இல்ல போலிருக்கு."

"எந்த ஷிப்டு நீங்க?" என்று கேட்டார் வெல்டிங் ஆசிரியர் ஹோபர்ட். இத்தனை நேரமும் அவர் முந்தைய கூட்டத்தில் மிஞ்சிய பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தார்.

"மூணாவது."

"அவங்க?"

"ரெண்டாவது."

"ஓ," என்றார் ஹோபர்ட். இன்னொரு பிஸ்கட்டை எடுத்தார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

டீன் நெல்வாவின் பக்கம் திரும்பினார். "மிஸஸ் பிராண்ட்ஸ்மா, இந்தக் குறிப்பு யாருக்கு எழுதினது?"

நெல்வா வாயைத் திறப்பதற்குள் டெஸ்மண்ட் குறுக்கே விழுந்தார். "அது நான் சொல்லிக்குடுத்தது. முதல் வாரத்துலயே எல்லாருக்கும் சொல்லிடுவேன். அடுத்து வந்து படிக்கறவருக்காகக் குறிப்பு எழுதுங்கன்னு. நெல்வா மட்டும்தான் தவறாம எழுதுவாங்க. நல்ல பழக்கம்னு போன தடவை பேப்பர்லயே எழுதியிருந்தேன்."

"யாரு அந்த அடுத்து வந்து படிக்கறவர்?"

"யாருமில்ல. அது சும்மா… இந்தத் தொழில்ல அப்படிச் சொல்றது வழக்கம்." சொல்லி முடிப்பதற்குள் டெஸ்மண்டின் காது சிவந்துவிட்டது.

டீன் தன் முன்னால் இருந்த விதிப்புத்தகத்தை மூடினார். அவர் கெட்ட மனுஷி அல்ல. இருபது வருஷம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, அழுகிறவர்களுக்கும் கத்துகிறவர்களுக்கும் டிஷ்யூப் பெட்டியைத் தள்ளிவிட்டுப் பழகியவர். இந்த வழக்கில் பெட்டிக்கு வேலையே இல்லாமல் போனது அவருக்குக் கொஞ்சம் சங்கடமாகக்கூட இருந்திருக்கலாம்.

"விதி என்ன சொல்லுதுன்னா, எடுத்தவங்களுக்கும் கொடுத்தவங்களுக்கும் ஒரே தண்டனை. ஆனா ஒருத்தர் கொடுக்கல, அசந்து மறந்து திறந்து வச்சுட்டுப் போயிட்டாங்கன்னா, அவங்க மேல குத்தம் கிடையாது. அதனால நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். அன்னிக்கு நீங்க லாக்-அவுட் பண்ண மறந்துட்டீங்க. அவ்வளவுதானே?"

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது அந்தக் கேள்வி. ஒரு சொல் சொன்னால் போதும். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். ஆரினும் பார்த்தார், சின்னதாகத் தலையை அசைத்தார், சொல்லு என்பதுபோல.

நெல்வா அந்த வியாழக்கிழமையை நினைத்துப் பார்த்தாள். ஐந்து மணிக்கு எழுந்தாள். கோட்டை மாட்டினாள். பொத்தானைப் போட்டுக்கொண்டே திரையைப் பார்த்தாள். போகும்போது திரையின் தலையில் உள்ளங்கையை வைத்து ஒருமுறை தட்டினாள். மடிப்பு இயந்திரத்தைத் தினமும் தட்டிவிட்டுப் போனதுபோலத்தான். மறதி எங்கே வந்தது?

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லலாமா?" என்றாள்.

டீனின் முகம் மாறியது, அவர் இதை எதிர்பார்க்கவில்லை. "தாராளமா. எழுதியே கொடுத்துடுங்க, ரெண்டு பேரும். கையெழுத்துப் போட்ட காகிதம், ஈமெயில் வேண்டாம். வெள்ளிக்கிழமை நாங்க முடிவு பண்ணணும், அதுக்குள்ள வந்து சேர்ந்தாப் போதும்."

கூட்டம் முடிந்தது. ஹோபர்ட் கடைசி பிஸ்கட்டை ஒரு காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

நெல்வா கோட்டு மாட்டி, கழிப்பறை போய், கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது ஆரின் தன் பிக்கப் வண்டியின் பின்கதவைத் தொங்கவிட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். அறுவடை முடிந்த சோள வயல் கல்லூரி வேலியிலிருந்தே தொடங்கியது. காற்று தடையில்லாமல் வந்தது.

"கொடுத்துட்டேன்," என்றார் ஆரின்.

"என்னத்தை?"

"எழுதி. வராந்தாவுலயே உக்காந்து எழுதி, அந்த செக்ரட்டரி பொண்ணு கையில கொடுத்துட்டேன். நெல்வா மறந்து வச்சுட்டுப் போனா, நான் தெரிஞ்சே எடுத்தேன். ரெண்டே வரி."

"அது பொய்."

"பாதிதான் பொய்."

"எல்லாத்துலயும் பாதி பாதியா உனக்கு."

"இந்தா பாரு. எனக்கு அறுபத்தொண்ணு ஆச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல பென்ஷன் வந்துடும். என்னை எவன் ப்ரோக்ராம் எழுதக் கூப்பிடப்போறான்? வீட்டுல இருந்தா டிவி பாத்து மண்டை காயுது, அதுக்குத்தான் வந்தேன். நீ இன்னும் இருபது வருஷம் சம்பாதிக்கணும். மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்துட்டு, போய் அடுத்த பாடத்தப் படி. அழுத்தக்காரி மாதிரி நிக்காத."

"நான் மறக்கல ஆரின்."

"தெரியும். மெஷினை மறக்கற ஆளா நீ? அதை அந்த அம்மாகிட்டப் போய்ச் சொல்லணுமா?"

ஆரின் பின்கதவிலிருந்து இறங்கி அதை மூடினார். ஒருமுறையில் மூடாது, இடுப்பால் இடிக்க வேண்டும். இடித்தார். வண்டிக்குள் ஏறி, கண்ணாடியை இறக்கிக்கொண்டு, ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோலக் கேட்டார்:

"அந்த வராத வாரம்… நான் செஞ்சது சரியா இருந்துச்சான்னு டெஸ்மண்ட் ஏதாவது சொன்னானா?"

"எப்படிச் செஞ்சே?"

"நம்ம பௌலிங் குழுவுல எப்படியோ அப்படித்தான். ஆள் வரலேன்னா அவனோட சராசரியில பத்தைக் கழிச்சுப் போட்டுக்கறது. கழிக்கறது எந்த இடத்துல வரணும்னு புரியாம ரெண்டு சாயங்காலம் முழி பிதுங்கிப் போச்சு. கடைசியில வந்துடுச்சு. நம்பவே முடியல. நான் எழுந்து நின்னுட்டேன். பக்கத்துல இருந்த பையன் என்ன தாத்தா ஆச்சுன்னு கேட்டான்."

"நான் அந்த வாரத்தையே விட்டுட்டேன். வராதவனுக்குக் கணக்கே இல்ல."

"அது மோசம். அப்படிப் போட்டா எல்லாப் பயலும் காய்ச்சல்னு வீட்டுல உக்காந்துக்குவான்," என்றார் ஆரின். வண்டியைக் கிளப்பினார். "சரி, விடு. சும்மா கேட்டேன்."

நெல்வா வீட்டுக்குப் போகவில்லை. கணினிக் கூடத்துக்குப் போனாள். ஆறாம் எண் இருக்கை காலியாக இருந்தது. வெப்பக்குழாய்க்குப் பக்கத்தில் இருந்ததால் முதல் நாள் அதில் உட்கார்ந்தாள். எண்ணைப் பார்த்தது பிறகுதான். அடுத்த வாரத்துப் பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தாள். புரிந்தது. அவளுக்கு இது பிடித்திருந்தது, யாரிடமும் சொன்னதில்லை. நாற்பத்தாறு வயதில் ஒன்று பிடித்துப் போவது கொஞ்சம் வெட்கமான விஷயமாகத் தோன்றியது.

ஐந்து மணிக்கு எழுந்து கோட்டை மாட்டினாள். திரையைப் பார்த்தாள். பிறகு மறுபடி உட்கார்ந்து, சேமித்து, வெளியேறு என்பதை அழுத்தினாள். திரை நீலமாகி, யார் நீங்கள் என்று கேட்டு நின்றது. வாசலில் ஒரு பையன் முதுகுப்பையோடு காத்திருந்தான்.

"முடிச்சுட்டீங்களா?"

"ம்."

"ஓடுதா? அந்த வரிசைல பாதி மெஷின் ஓடறதில்ல."

"ஓடுது," என்றாள் நெல்வா.

வீட்டில் அவள் கணவன் கெரிட் உருளைக்கிழங்குத் துண்டுகள் அடுக்கிச் சுடுகிற கேசரோலை ஓவனில் வைத்திருந்தான். கூட்டுறவுக் கிடங்குக்குத் தானிய லாரி ஓட்டுகிறவன். அறுவடைக்காலம் முடிந்துவிட்டால் சமையல் அவன் பொறுப்பு. சாப்பிடும்போது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"ஆக, அந்தக் கிழவன் தலையைக் கொடுத்துட்டான்," என்றான்.

"கொடுத்துட்டான்."

"உன்னை மறதிக்காரியாக்கினா நீ தப்பிச்சுடுவே. அதானே?"

"அதான்."

"நான் ஒண்ணும் சொல்லல. ஆனா போன மாசம் அவன் பந்தைக் கீழ வச்சுட்டு, பௌலிங் கூடத்துல இருக்கற அத்தனை பேர்கிட்டயும் சொல்லிட்டிருந்தான், கம்ப்யூட்டருக்குப் பத்துக் கழிக்கக் கத்துக்கொடுத்துட்டேன்னு. எங்களுக்கு ஒரு எழவும் புரியல. ஆளுக்கொரு பீர் வாங்கிக் கொடுத்தான். ஆரின் பீர் வாங்கிக் கொடுத்து நான் பாத்ததே இல்ல." கெரிட் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டான். "வான்கோழி ஆலைக்குப் போகவேண்டி வந்தா, கம்பளி உள்ளாடை வாங்கணும். அதையும் யோசிச்சுக்கோ."

"நீ ஒண்ணும் சொல்லலைன்னே."

"சொல்லலையே. உள்ளாடையப் பத்தித்தானே பேசறேன்."

பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு நெல்வா சமையலறை மேஜையில் உட்கார்ந்தாள். சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்த முறைப்படி வலது மேல்மூலையில் தேதி போட்டாள். இடப்பக்கம் டீனின் பெயர், பதவி, கல்லூரி. அன்புள்ள டாக்டர் பால்டிங், காற்புள்ளி. அதற்குக் கீழே எழுதினாள்: நான் அன்று வெளியேற மறந்துவிட்டேன்.

எழுதியதைப் பார்த்தாள். எழுத்து நன்றாக இருந்தது. இலக்கணப் பிழை இல்லை. இதை மடித்து உறையில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. தெரிந்தே எடுத்தவன் என்ற பெயர் மட்டும் ஆரினுக்குக் கல்லூரிக் கோப்பில் இருக்கும். பத்துக் கழிக்கிற அந்த இடமும் அதே கோப்பில், சிவப்புப் பூசாத வெள்ளைப் பகுதியில், யாரும் படிக்காமல் இருக்கும்.

தொலைபேசியை எடுத்து ஆரினுக்கு அடித்தாள்.

"நான் வேற மாதிரி எழுதப்போறேன்," என்றாள்.

மறுமுனையில் டிவி சத்தம் குறைந்தது. "அப்போ ரெண்டு பேரும் வெளியில."

"இருக்கலாம்."

"இருக்கலாம் என்ன இருக்கலாம். எடுத்தவனுக்கும் கொடுத்தவளுக்கும் ஒண்ணுன்னு அந்த அம்மா சொல்லுச்சே, காதுல விழலியா? நீ வாயை மூடிட்டு இருந்தா ஒருத்தர். வாயைத் திறந்தா ரெண்டு பேர். கணக்குல நீதானே புலி."

"நீ எழுதிக் கொடுத்ததைத் தப்புன்னு எழுதுவேன். கோவிச்சுக்காதே."

மறுமுனையில் டிவி முழுவதுமாக அணைந்தது.

"வான்கோழி ஆலையில ரெண்டாவது ஷிப்டுக்கும் மூணாவது ஷிப்டுக்கும் ஆள் எடுக்கறாங்களாம்," என்றார் ஆரின் கடைசியில். "உனக்கு எதுன்னு சொல்லிடு. கத்தியைக் கழுவாம வச்சுட்டுப் போனேன்னா அப்புறம் இருக்கு."

"டேப்புல எழுதி ஒட்டிட்டுப் போறேன்."

"சனியனே," என்றார் ஆரின். போனை வைத்துவிட்டார்.

முதல் தாளைக் கிழிக்கவில்லை. திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் முதலில் கரட்டுப்பிரதி எழுதினாள். ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு பத்தி. பிறகு புதுத்தாளில் நிதானமாக நகல் எடுத்தாள்.

நான் மறக்கவில்லை. ஓடுவதைப் பார்த்து, ஓடவிட்டுத்தான் போனேன். வேலை செய்த இடத்தில் அதுதான் பழக்கம். அந்தப் பழக்கம் இங்கே கூடாது என்பது இப்போது தெரிகிறது.

குறிப்பு யாருக்கு என்று கேட்டீர்கள். அடுத்து வந்து உட்காருகிறவருக்கு. அது நானாக இருக்கும் என்று நினைத்தேன் என்று சொல்லலாம். ஆனால் எழுதும்போது அப்படி நினைக்கவில்லை. யாராக இருந்தாலும் அவருக்கு என்றுதான் நினைத்தேன். ஆரின் டைக் அதைப் படித்து, அதில் சொன்னபடி செய்தார். அவர் எழுதிக் கொடுத்திருப்பது என்னைக் காப்பாற்றுவதற்கு. அதை ஏற்க வேண்டாம்.

ஆள் வராத வாரத்தை அவர் தனியாக எழுதினார். நான் எழுதியது வேறு, அவருடையதைவிட மோசம். இரண்டையும் டெஸ்மண்ட் ஓட்டிப் பார்க்கட்டும். இடம் மாற்றி, மேல்பாதியை அவரும் கீழ்ப்பாதியை நானும் உங்கள் முன்னால், எந்த நாளிலும், தனித்தனி இயந்திரத்தில், வெற்றுத்திரையிலிருந்து எழுதித் தரத் தயார். அவரைக் கேட்காமல் அவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். திட்டுவார், ஆனால் வருவார்.

இப்படிக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஒருமுறை படித்தாள். 'மோசம்' என்ற சொல்லை எடுக்கலாமா என்று யோசித்து, விட்டுவிட்டாள்.

காலையில் கெரிட் எழுவதற்கு முன்பே தாளை மூன்றாக மடித்து உறையில் போட்டாள். பசையை நாக்கால் நனைத்து ஒட்டி, உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தித் தேய்த்தாள். கொடி படம் போட்ட தபால்தலையை மூலையில் நேராக ஒட்டினாள். கோட்டை மாட்டிக்கொண்டு சரளைப் பாதையில் சாலைவரை நடந்தாள். தபால்பெட்டிக்குள் உறையை வைத்து மூடி, எடுத்துப்போக வேண்டிய கடிதம் உள்ளே இருக்கிறது என்பதற்கு அடையாளமாகப் பெட்டியின் பக்கவாட்டுச் சிவப்புக் கொடியைத் தூக்கி நிறுத்தினாள்.

வீட்டுக்குத் திரும்பி ஜன்னலோரம் காப்பியோடு நின்றாள். தபால்காரியின் கார் கிழக்கிலிருந்து வந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் நின்று நின்று வந்தது. அவர்கள் வீட்டுப் பெட்டியருகே நின்றதும் கார் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டது, உறையை எடுத்துக்கொண்டது, கொடியை மடக்கியது. கார் அடுத்த பெட்டிக்குப் போனது.